வடசென்னைக் கடற்கரை மணல்மேட்டுக்கு எதை நடுவது: இராவணன் மீசையா, அடம்பா, சவுக்கா?

காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை கடலோரத்தில் இருக்கும் ஊர்ச் சங்கங்களும், நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்களை அழைத்துவரும் கல்லூரிகளும் கேட்பது ஒரே கேள்வி: "மணல் போய்க்கிட்டே இருக்கு, ஏதாவது நடலாம்னு இருக்கோம். எது நல்லது?" நர்சரியில் கேட்டால் சவுக்கு என்பார்கள். இணையத்தில் தேடினால் வெட்டிவேர் வந்து நிற்கும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே மணல்மேடுகளைப் பார்த்தவர் இராவணன் மீசை என்னும் முள்புல் என்பார். மூன்றிலும் ஓரளவு நியாயம் உண்டு. எந்த இடத்துக்கு என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

செடி செய்யும் வேலை என்ன என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கடல்காற்று உலர்ந்த மணலைத் தரையோடு தரையாக உருட்டிக்கொண்டு வரும். செடி குறுக்கே நின்றால் காற்றின் வேகம் குறையும், மணல் அங்கேயே விழும். விழுந்த மணலுக்கு மேலே செடி மறுபடி தலைநீட்டினால் இன்னும் கொஞ்சம் மணல் சேரும். இப்படித்தான் மேடு எழுகிறது. புயலில் அலை ஏறி வரும்போது அந்த மேடு கரைந்து கடலுக்கு மணல் கொடுக்கும். அலை அடங்கிய பிறகு மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஆகவே மணல்மேட்டை மதில்சுவராக நினைத்து நட்டால் ஏமாற்றம்தான். அது மணல் இருப்பு.

## எதையெல்லாம் வைத்து முடிவு செய்வது

உலர்ந்த மணல் எத்தனை அடி. முதலில் பார்க்க வேண்டியது இது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்துவிட்டன. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. இன்று அங்கே பல இடங்களில் கருங்கல் தடுப்புதான் கரை. கல்லுக்கும் கடலுக்கும் நடுவில் மணலே இல்லாத இடத்தில் எந்தப் புல்லும் நிற்காது, பணத்தை மிச்சம் பிடியுங்கள். தூண்டில் வளைவுகள் (கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல் தடுப்புகள்) போட்ட இடங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதால் ஒவ்வொரு வளைவுக்கும் தென்பக்கம் மணல் ஒதுங்கும், வடபக்கம் அரிக்கும். நடுவதென்றால் தென்பக்கத்தில் ஒதுங்கிய மணலில் நடுங்கள்.

அளப்பது சுலபம். அமாவாசை அல்லது பௌர்ணமி ஏற்றத்தில் அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டில் ஒரு கம்பு நடுங்கள். சென்னையில் பெரிய ஏற்ற இறக்கமே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஆகவே கோடு தெளிவாகத் தெரியும். பிறகு குப்பத்துப் பெரியவர்களிடம், ஐப்பசி கார்த்திகையில் கடல் எதுவரை ஏறும் என்று கேட்டு இரண்டாவது கம்பு. இரண்டாவது கம்புக்குப் பின்னால் குறைந்தது 50 அடி மணல் இருந்தால் மேடு கட்டலாம். 20 அடிதான் என்றால் படரும் அடம்புக் கொடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யார் அங்கே நடக்கிறார்கள். வடசென்னையில் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது இதுதான். கரைவலை இழுக்கும் மணல், படகு ஏற்றும் மணல், வலை உலர்த்தி ஓட்டை தைக்கும் மணல், கருவாடு காயும் மணல் எல்லாம் ஒரே மணல். வெறுங்காலில் நடக்கிற இடம்.

மணல் மூடினால் தாங்குமா, உப்புச்சாரலைத் தாங்குமா. முன்வரிசைச் செடிக்கு இரண்டும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஆமை. பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடக் கரையேறும். அவை ஏறிவரும் வழியை வேலியாலோ மரத்தாலோ அடைக்கக் கூடாது.

நிலமும் சட்டமும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் (2011, 2019) மணல்மேடுகள் உச்சப் பாதுகாப்புள்ள பிரிவில் வருகின்றன. மேட்டைச் சமப்படுத்துவதும் வடிவம் மாற்றுவதும் கூடாது. "நடவுக்கு இடம் ஒழுங்கு செய்கிறோம்" என்று ஜேசிபி கொண்டுவந்தால் நல்லது செய்யப் போய் வழக்கில் நிற்பீர்கள். நிலம் புறம்போக்கா, வனத்துறையுடையதா, துறைமுகத்துடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிட்டு, எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டே இறங்குங்கள்.

| | இராவணன் மீசை | அடம்பு | சவுக்கு | வேலி மட்டும் |
|---|---|---|---|---|
| மேடு உயருமா | நன்றாக | கொஞ்சம் | முன்வரிசையில் இல்லை | செடி வரும்வரை மட்டும் |
| மணல் மூடினால் | மேலே எழும் | எழும், ஆழமாக மூடினால் திணறும் | இளங்கன்று சாகும் | வேலியே புதையும் |
| உப்புச்சாரல் | தாங்கும் | தாங்கும் | ஓரளவு | பொருட்டில்லை |
| வெறுங்கால், வலை | குத்தும், கிழிக்கும் | தொல்லை குறைவு | சருகு, காய் | இடைவெளி விட்டால் சரி |
| கரையை மூடும் வேகம் | 2, 3 பருவம் | ஒரே பருவம் | பொருந்தாது | பழைய வேர் இருந்தால் ஒரே பருவம் |
| மறைந்த செலவு | கையுறை, பாதை, மாற்று நடவு | அடிக்கடி மாற்று நடவு | புயல், வெட்டிய பின் வெறுமை | காவல் |

## இராவணன் மீசை

ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ். மணலை உயர்த்துவதில் நம் கரையில் இதற்கு ஈடு இல்லை. விறைத்த, நுனி ஊசியான இலை. மணல்மேல் ஓடும் தண்டு. ஒவ்வொரு கணுவிலும் வேர். மணல் மூடினால் அடுத்த கணு மேலே வரும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்ந்து உருண்டை உருண்டையாகக் காற்றில் ஓடும் முள்பந்து பெண் செடியுடையது. ஆணின் பூங்கொத்து சிறிது, அந்த நீண்ட முள்கதிர்கள் இருக்காது.

விதையை நம்ப வேண்டாம். பெரும்பாலும் பதராக இருக்கும், முளைப்பும் சீராக இராது. தண்டுத்துண்டே வழி. ஓடுதண்டில் ஏற்கெனவே வேர் தெரியும் கணுக்களாகப் பார்த்து, 3 அல்லது 4 கணு வருமாறு ஒன்றரை முதல் 2 அடி நீளத்துக்கு வெட்டுங்கள். வெட்டியதும் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் ஒரு மணிநேரம் கிடந்த துண்டு பார்க்கப் பச்சையாகவே இருக்கும், நட்டால் வேர் விடாது. பல நடவுகள் தோற்பதற்கு இதுதான் காரணம், பழியை மட்டும் மண்ணின் மேல் போட்டுவிடுகிறார்கள்.

நடும்போது மேலே உள்ள உலர்மணலை முதலில் ஒதுக்கிவிடுங்கள். கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கும் ஈரமணல் வரும்வரை தோண்டி, அங்கிருந்து இன்னும் அரை அடி. துண்டைப் படுக்கையாகச் சாய்த்து வைத்து 2 கணு புதைய, நுனி வெளியே தெரிய மூடி, காலால் அழுத்தி மிதியுங்கள். காற்றுப்பை இருந்தால் வேர் காயும். இடைவெளி இரண்டரை அடி, ஒரு வரிசைத் துண்டு அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேரே வர வேண்டும். 100 அடி நீளம், 20 அடி அகலம் என்றால் சுமார் 350 துண்டு வேண்டும். முதல் ஆண்டில் மூன்றில் ஒன்று போகும் என்று வைத்து, மாற்று நடவுக்கும் சேர்த்து 470 தயார் செய்யுங்கள். ஒரே புதரிலிருந்து வெட்டினால் எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ போய்விடும், பின்னாளில் விதையே பிடிக்காது. பத்துப் பதினைந்து புதர்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். எந்தப் புதரிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரு மேட்டைக் காக்க இன்னொரு மேட்டைப் பெயர்ப்பது வேலை அல்ல.

இனி மறைந்த செலவு. தோல் கையுறை இல்லாமல் நாள் முழுக்க யாரும் இதை வெட்ட முடியாது. நட்டபின் மூன்று வாரம், மழை இல்லாவிட்டால் மூன்று நாளைக்கு ஒருமுறை துண்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு தடவைக்கு 350 லிட்டர். மணலில் டேங்கர் ஏறாது. 20 லிட்டர் கேனில் 18 நடை என்று கணக்குப் போட்டால்தான் எத்தனை ஆள் வேண்டும் என்று புரியும். மட்கிய உரமும் குப்பை எருவும் குழியில் போடாதீர்கள். முன்மேட்டில் சத்து கூடினால் முதலில் பயன்பெறுவது களைகள்தான், சீமைக்கருவேலம் உட்பட.

பெரிய சிக்கல் முள். வலை இதில் மாட்டினால் கண்ணி கண்ணியாகப் பிடுங்க வேண்டும். குப்பத்து வாசலில் இதை நட்டால் ஒரு மாதத்துக்குள் யாராவது பிடுங்கி எறிவார்கள், அவர்களைக் குறைசொல்ல முடியாது. கரைவலை இழுக்கும் மணலில் இதை நடவே கூடாது.

எங்கே இது சரி: ஆள்நடமாட்டம் குறைந்த, 50 அடிக்கு மேல் மணல் உள்ள நீட்சிகள். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காட்டை நோக்கிப் போகும் கரையில் இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன. வண்டிகள் மணலில் ஏறிவருகிற இடத்தில் வேறு எதையும் விட நன்றாகத் தடுப்பதும் இந்த முள்தான்.

## அடம்பு

ஆட்டுக்குளம்பு போல இரண்டாகப் பிளந்த இலை, காலையில் விரியும் ஊதாப் பூ. புல் அல்ல, கொடி. ஆனாலும் மணல் பிடிக்க நடுவோர் கேட்கும் முதல் இரண்டில் இது வந்தே தீரும். அலைக்கு மிக அருகே போகத் துணிவது இதுதான். அலை வந்து கிழித்துப் போனாலும், பின்னால் வேர் பிடித்த பகுதியிலிருந்து மறுபடி கடலை நோக்கி ஓடும். கொடி பத்து மீட்டருக்கும் மேல் போகும்.

நடுவதும் எளிது. கொடியில் 4 முதல் 5 கணு, ஒன்றரை அடி. நுனியில் இரண்டு இலை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு புதையச் சாய்த்து நடுங்கள். ஈரம் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் கணுவில் வேர் இறங்கும். 3 அடி இடைவெளியில், மேலே சொன்ன அதே 100 க்கு 20 அடிக்குச் சுமார் 240 துண்டு. இழப்பு குறைவு, 300 இருந்தால் போதும். விதை கிடைத்தால் இன்னும் மலிவு. தோல் கெட்டியாக இருப்பதால் அப்படியே போட்டால் மாதக்கணக்கில் தூங்கும். கரடுமுரடான உப்புத்தாளில் ஒரு பக்கம் தேய்த்து, உள்ளே வெளுப்பு லேசாகத் தெரிந்ததும் ஒரு இரவு ஊறவைத்தால், உப்பிய விதைகள் சில நாளில் முளைக்கும். உப்பாதவற்றை மறுபடி தேய்க்கலாம்.

குறை என்னவென்றால் மேடு பெரிதாக உயராது. மணலை இருக்கிற இடத்தில் பிடித்து வைக்கும், சின்னச் சின்ன முதுகுகளாக ஏற்றும், அவ்வளவுதான். புயலுக்கு முன்வரிசையைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆண்டும் காவு கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தை மாதமும் கிழிந்த இடத்தில் நூறு துண்டு மறுபடி நட ஆள் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கடற்கரையைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஓடும் இடமானால் அது கொடியை வேரோடு சீவிவிடும். ஓட்டுநரிடமே எல்லைக் கம்பைக் காட்டிப் பேசிவைப்பது அறிவிப்புப் பலகையை விட உதவும்.

இதில் முள் இல்லை. மேலே வலை விரித்தாலும் சிக்குமே தவிரக் கிழியாது. படகு ஏற்றும் தடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் அடம்பு ஏற்றினால் குப்பத்தில் யாரும் ஆட்சேபிப்பதில்லை.

எங்கே இது சரி: திருவொற்றியூர், எண்ணூர்க் குப்பங்களின் முன்னால் உள்ள குறுகிய மணல், தூண்டில் வளைவுகளின் தென்பக்கம் ஒதுங்கிய மணல், ஆறே மாதத்தில் பச்சை தெரிந்தாக வேண்டிய கல்லூரித் திட்டங்களும்.

## கழிமுக ஓரம்: ஸ்போரோபோலஸ்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்தருகே, தாழ்ந்த, உவர்ஈரம் உள்ள மணலில் மேலே சொன்ன இரண்டும் திணறும். அங்கே ஸ்போரோபோலஸ் விர்ஜினிகஸ் என்ற, பார்க்க அறுகு போலவே இருக்கும் புல் நிற்கும். அரை அடி கரணைகளாக வேரோடு பெயர்த்து ஓரடி இடைவெளியில் நடலாம். மேடு கட்டாது, விளிம்பு கரையாமல் பிடிக்கும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து பொருக்கு கட்டிய இடமானால் முதலில் பொருக்கைக் கிளறிப் பாருங்கள். கீழே மணலே இல்லாமல் சாம்பலாகவே போனால் நடவு வீண்.

## சவுக்கு

சவுக்கை விரட்ட வேண்டியதில்லை, இடம் மாற்ற வேண்டும். தண்ணீர் குறைவான மணலில் வளரும், வேர் முடிச்சில் காற்றின் நைட்ரஜனைச் சேர்க்கும், கன்று எங்கும் கிடைக்கும், நாலைந்து ஆண்டில் கம்பாக விற்கலாம். ஊருக்கும் வயலுக்கும் காற்றுத் தடுப்பாக நல்ல மரம்.

முன்மேட்டில் வைத்தால் நடப்பது வேறு. ஊசிச் சருகு மெத்தை போல மூடிவிடும், அடியில் புல்லும் கொடியும் எழாது. மேலே காற்று தடுக்கப்படும், தரையில் மணலைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. அலை வந்து அடிமணலை எடுத்தால் பக்கவேர்கள் அந்தரத்தில் நிற்கும், மரம் கடலை நோக்கிச் சாயும், சாயும்போது மண்ணையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆமை முட்டையிடும் திறந்த மணலும் போய்விடும். இன்னொன்று, எல்லாம் ஒரே வயது என்பதால் வெட்டும்போது ஒரேயடியாக வெட்டுவார்கள். அடுத்த கன்று நிற்கும்வரை கரை மொட்டை.

மேட்டின் முகட்டிலிருந்து 150 அடிக்குப் பின்னால் இடம் இருந்தால் வையுங்கள். அதே இடத்தில் அவசரம் இல்லாதவர்களுக்குப் பனை இன்னும் நல்லது. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையை நேரே மணலில் பத்தடிக்கு ஒன்றாகப் புதைத்துவிட்டால் தண்ணீரும் கேட்காது. கன்றாக வளர்த்துப் பெயர்த்து நட வேண்டாம். முளை கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால் பெயர்க்கும்போதே ஒடியும். பலன் தர பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும் என்பது தெரிந்ததே.

வெட்டிவேரைப் பற்றி ஒரு வரி. கடலூர்ப் பக்கம் மணலில் விளைகிறது என்பது உண்மை, ஆனால் அது தூராக நிற்கும் புல், ஓடித் துளிர்க்காது. ஒரு தூர் போனால் அந்த இடம் ஓட்டை. வேர் விடும்வரை நல்ல தண்ணீரும் கேட்கும். ஓடைக்கரைக்கு வாங்குங்கள், கடல்முகத்துக்கு வேண்டாம்.

## எதையும் நடாமல் வேலி மட்டும்

பலரும் கணக்கில் எடுக்காத வழி. உங்கள் மணலில் அங்கங்கே அடம்பின் அடித்தண்டோ இராவணன் மீசையின் காய்ந்த தூரோ இன்னும் இருக்கிறதென்றால், ஒரு மழைக்காலம் கால்நடையும் வண்டியும் ஆட்களும் ஏறாமல் பார்த்தாலே தானாக வரும். நடுவதற்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் காவலுக்குக் கொடுப்பது சில இடங்களில் நல்ல கணக்கு.

வேலி போடும் முறை: 6 அடிச் சவுக்குக் கம்பு, 2 அடி மண்ணுக்குள். அதில் தென்னங்கீற்றையோ பனையோலையையோ பாதி அடைப்பு, பாதி இடைவெளி வருமாறு கட்டுங்கள். முழுக்க அடைத்தால் காற்று மேலே எகிறி வேலிக்கடியில் மணலைக் குடையும். கடலுக்கு இணையாக நீளமாக ஒரே வேலி வேண்டாம். 10 அடித் துண்டுகளாகச் சாய்த்து, நடுவில் ஆமையும் ஆளும் போக 6 அடி விடுங்கள். மாசி, பங்குனியில் கட்டினால் கோடைக் கடல்காற்றின் மணல் முழுக்கக் கிடைக்கும். ஆமைப் பருவம் என்பதால் அந்த மாதங்களில் வேலி இரண்டாவது கம்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். நர்சரிப் பச்சை வலை, பழைய மீன்வலை இரண்டும் கூடாது. புயலில் பிய்ந்து கடலுக்குப் போய் ஆமையின் கழுத்தில் மாட்டும்.

## கலந்து நடுவதானால்

இடம் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதை விடக் கலப்பதே மேல். இரண்டாவது கம்பிலிருந்து பின்னோக்கி 15 அடி அடம்பு, அதற்குப் பின் 20 அல்லது 25 அடி இராவணன் மீசை, பிறகு வெறும் மணல், முகட்டிலிருந்து 150 அடிக்குப் பின்னால் இடம் இருந்தால் கடைசியில் பனை. 20 அடி மட்டும் உள்ள குப்பத்து மணலில் அடம்பைத் தவிர வேறு எதற்கும் ஆசைப்படாதீர்கள்.

நடைபாதையை நடவுக்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். கடலை நோக்கி நேர்க்கோடாகப் பாதை விட்டால் அதுவே காற்றுக்குக் குழாய் ஆகிவிடும், மேடு நடுவில் பிளந்து இரண்டு மழைக்குள் பள்ளமாகும். ஒருமுறையாவது வளைத்து விடுங்கள், இரண்டு ஓரத்திலும் கயிறு கட்டுங்கள். மக்கள் ஏற்கெனவே நடந்து பழகிய தடத்தை ஒட்டியே வளைக்க வேண்டும். காகிதத்தில் அழகாகப் போட்ட பாதையில் யாரும் நடக்க மாட்டார்கள்.

மாதக் கணக்கு முக்கியம். சென்னையின் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயலும் அதே நேரம். பலர் தீபாவளி மழையைப் பார்த்துவிட்டு நடுவார்கள், நவம்பர் அலை மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். மாலை இடிமழை ஈரம் கொடுக்கும், புயலுக்கு முன் வேர் இறங்க ஆறிலிருந்து பத்து வாரம் கிடைக்கும். அந்த மாதம் தவறிவிட்டால் முன்வரிசையை விட்டுவிட்டுப் பின்வரிசையை மட்டும் நடுங்கள். முன்வரிசைக்கான துண்டுகளை அடுத்த ஜூலையில் பைகளில் வேர் விடவைத்துத் தயாராக்கிக்கொள்ளலாம்.